சுத்தமான இடம்

இல்ல மாஸ்டர், அந்த நோட்டீஸை இங்க ஒட்டக்கூடாது. கண்ணாடியில மட்டுமில்ல, செவுத்துலயும் கூடாது. இது சலவைக் கடை. உங்க குத்துச்சண்டை கிளப்புக்கு விளம்பரம் பண்ற இடமில்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இந்த இஸ்திரி ஆவி பட்டா தோலு உரிஞ்சுடும். எனக்குப் பழகிப்போச்சு.

என்ன போட்டிருக்கு, படிங்க கேப்போம். போதையில்லா இளமை. பத்தாம் ஆண்டு விழா. பெற்றோர் அனுபவப் பகிர்வு. ஓஹோ, அதுக்குத்தான் என்னைத் தேடி வந்தீங்களா? நான் மேடையேறி அழணும், கீழ இருக்கிறவங்க மூக்கைச் சிந்தணும், கடைசியில நீங்க மைக்கைப் பிடிச்சு, பார்த்தீங்களா, இதுக்குத்தான் நாங்க இருக்கோம்னு சொல்லணும். நல்லா இருக்குங்க உங்க நியாயம்.

அக்கான்னு கூப்பிடாதீங்க. மூணு வருஷமா இந்த வாசல் வழியாத்தான் பைக்ல போறீங்க வர்றீங்க. அப்பல்லாம் அக்கா கண்ணுல படல.

பழைய கதையா? உங்களுக்குப் பழசு. உங்ககிட்ட வந்தப்போ எம் பொண்ணுக்குப் பதினாலு வயசு. வாயில விரல வச்சாக்கூட கடிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவ குத்துச்சண்டை கத்துக்கப் போறேன்னு வந்து நின்னா, நான் சிரிச்சுட்டேன். மூக்கு கோணிப்போனா எவன் கட்டுவான்னு அவங்கப்பா குதிச்சாரு. ஆனாலும் விட்டோம். சாயங்காலம் நான் இங்க நிக்கிறேன், அவரு லாரியில எங்கயோ போயிட்டிருக்காரு, பிள்ளை வீட்ல தனியா. அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் அவ தலைக்கு மேல ஒரு கூரை, பக்கத்துல நாலு பேரு. அவ்வளவுதான் நாங்க எதிர்பார்த்தது.

சரி, இருக்கிறதை மறைக்க மாட்டேன். ஆறே மாசத்துல ஆளே மாறிட்டா. விடியறதுக்குள்ள எந்திரிச்சு மொட்டை மாடியில கயிறு தாண்டுவா, கீழ் வீட்டுக்காரம்மா தலையில இடி விழுதுன்னு சண்டைக்கு வருவாங்க. கையில சுத்துற பட்டை இருக்கே, நாலரை மீட்டர் நீளம், அதை நான்தான் துவைச்சு, தேய்ச்சு, இறுக்கமா சுருட்டிக் குடுப்பேன். என் இடது கையைப் பார்த்து மாஸ்டரே அசந்துட்டாரும்மான்னு சாப்பிடற தட்டுக்கு மேலயே குத்திக் காட்டுவா. வீட்ல வேற பேச்சே கிடையாது. மாஸ்டர் சொன்னாரு, மாஸ்டர் சொன்னாரு. அவங்கப்பா ஒரு நாள் கேட்டே கேட்டுட்டாரு, பெத்தது நானா உங்க மாஸ்டரான்னு.

அந்தப் பிள்ளையை நீங்க என்ன பண்ணீங்க?

இருங்க, நீங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னா அதுல ஒழுங்கு, விதி, மத்த பிள்ளைங்க பாதுகாப்புன்னு எல்லாம் வரும். நான் சொல்றேன். முப்பது பிள்ளைங்க சுத்தி நிக்க, இவளை ரிங்குக்கு நடுவுல ஏத்தினீங்க. பையைக் கொட்டுன்னீங்க. மாத்திரை அட்டை விழுந்துச்சு. கிளவுஸைக் கழட்டுன்னீங்க. கிளவுஸ் போட்ட கையால முடிச்சு அவுக்க வரல. உதவிக்குப் போன பிள்ளையையும் தடுத்தீங்க. பல்லால கடிச்சு அவுத்திருக்கா. இது சுத்தமான இடம், இனிமே இந்த வாசல்ல உன்னைப் பார்க்கக்கூடாதுன்னீங்க. எல்லாரையும் கை தட்டச் சொன்னீங்களாமே, நிஜமா?

இல்லையா. சரி, அது இல்லன்னே வச்சுக்குவோம். மிச்சமெல்லாம் நிஜம்தானே?

எத்தனை நாளா போடறான்னு கேட்டீங்களா? மூணு வாரம். எதுக்குன்னு கேட்டீங்களா? தோள்பட்டை வலி. வலின்னு சொன்னா போட்டியில இறக்க மாட்டீங்களோன்னு பயந்து, கூடப் படிக்கிற எவளோ குடுத்ததை வாங்கிப் போட்டிருக்கா. வலி போச்சு, கூடவே வேற என்னவோ சுகமா இருந்துச்சு, விட முடியல. ஒரு பத்து நிமிஷம் தனியா உக்கார வச்சுக் கேட்டிருந்தா உங்ககிட்ட கொட்டியிருப்பா. காய்ச்சல்காரங்களை உள்ள விடமாட்டோம்னு யாராவது ஆஸ்பத்திரி நடத்துவாங்களா? நீங்க நடத்தினீங்க.

தலையைக் குனியாதீங்க. அதைப் பார்த்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது.

அதுக்கப்புறமும் ஒரு மாசம், அஞ்சு மணியானா பையைத் தூக்கிட்டுக் கிளம்புவா. உங்க கிளப்புக்கு எதிர்ல டயர் கடை ஓரமா நின்னு, உள்ள குத்து விழுற சத்தத்தைக் கேட்டுட்டே இருப்பாளாம். டயர் கடைக்காரர்தான் அப்புறமா சொன்னாரு. ஒரு நாள் நீங்க அவளைப் பார்த்துட்டு ஜன்னலைச் சாத்தினீங்க. மறந்துடுச்சா? மறந்திருக்காது. மறுநாள்ல இருந்து அவ அங்க நிக்கல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு கும்பல் உக்காந்திருக்குமே, அங்க போயிட்டா. அவங்க யாரும் பையைக் கொட்டச் சொல்லல. வா, உக்காருன்னு நகந்து இடம் குடுத்தாங்க.

அப்புறம் நடந்ததை நான் மேடையில சொல்ல மாட்டேன், இங்கயும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஸ்கூல் பாத்ரூம்ல நீலம் பாரிச்சுக் கிடந்தவளை வாட்ச்மேன் தோள்ல போட்டுட்டு ஓடியிருக்காரு. நான் போய்ச் சேர்ந்தப்போ டாக்டரம்மா என் மூஞ்சியைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துப் பேசினாங்க. எப்படியோ பொழைச்சா. ரெண்டு தடவை சிகிச்சைக்குச் சேர்த்தோம், ரெண்டு தடவையும் ஓடி வந்தா. மூணாவது தடவை தங்கினா. இப்போ ஒம்பது மாசமா தொடல. காலையில அந்தச் சிகிச்சை மையத்துக்குப் போறா, மத்தியானம் இங்க வந்து சட்டைக்கெல்லாம் அடையாள நம்பர் கட்டறா.

என்னது? மாட்டினா வெளிய அனுப்பற அந்த விதியை எடுத்துட்டீங்களா? எப்போ?

ஓ. வேற ஒரு பிள்ளை. வெளிய அனுப்பிச்சீங்க, அது உசுரோட திரும்பவே இல்ல. என்ன வயசு? பதினஞ்சு.

ம்ம்.

இப்போ மாட்டினா நீங்களே கூட்டிட்டு டாக்டர்கிட்ட போறீங்க, மறுநாளும் அஞ்சு மணிக்கு வந்து நிக்கணும்னு சொல்றீங்க. நல்லது. அதைத்தான் அன்னிக்கே செஞ்சிருக்கணும். எம் பிள்ளை ஒண்ணு, அந்தப் பிள்ளை ஒண்ணு, இத்தனையும் ஆனப்புறம்தான் உங்களுக்கு உரைக்குது.

அவளையா? சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கவா? அப்போ இந்த நோட்டீஸ், மேடை எல்லாம் சாக்கு, இதைக் கேக்கத்தான் வந்தீங்க. வரமாட்டா மாஸ்டர். உங்க மேல கோவம்னு நினைச்சுக்காதீங்க. இன்னும் உங்களை அவரு இவருன்னுதான் பேசறா, அதான் எனக்கு வயிறு எரியுது. அவ கோவமெல்லாம் நெட்டை மேல. உங்க கிளப்புல இவ கூடவே திரிவாளே, ரெண்டு பேரும் ஒரு பாட்டில்ல தண்ணி குடிப்பாங்களே, அவதான். மாத்திரை விஷயம் கிளப்புல நெட்டை ஒருத்திக்குத்தான் தெரியுமாம். அதனால அவதான் உங்ககிட்ட போட்டுக் குடுத்தான்னு இவ முடிவே பண்ணிட்டா. மறுநாளே நடுத்தெருவுல அந்த இடது கையால ஒண்ணு விட்டா பாருங்க, நெட்டைக்கு மூக்கு எலும்பு விட்டுப்போச்சு. அது திருப்பி அடிக்கல. நான் சொல்லலடீ, நான் சொல்லலடீன்னு அழுதுச்சு. அதோட அதுவும் கிளப்பை விட்டு நின்னுடுச்சு இல்ல? ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துச்சு, இவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. போன வாரம் சலவைக்குன்னு ஒரு போர்வையைத் தூக்கிட்டு கடைக்கே வந்துச்சு. இவ உள்ள போனவ, அது போற வரைக்கும் வெளிய வரல.

அன்னிக்கு மாத்திரை விஷயத்தை உங்களுக்கு யாரு சொன்னாங்க? நெட்டையா?

போன் வந்துச்சுங்கறீங்க. பொம்பளைக் குரல். பேரு சொல்லல. ஆமா, சொல்லியிருக்க மாட்டா. கொஞ்சம் கூப்பிட்டு வச்சுப் பேசுங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பா, யாரு சொன்னதுன்னு மட்டும் தெரிய வேணாம்னு சொன்னாளா?

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நான்தான்.

துவைக்கப் போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் தடவிப் பார்க்கறது என் தொழிலு. அவ டிராக் பேண்ட்ல அந்த அட்டை இருந்துச்சு. எடுத்த இடத்துலயே திருப்பி வச்சேன். பெத்த பிள்ளைகிட்ட கேக்க நாக்கு எழும்பல. எதிர்ல மெடிக்கல்ல போனை வாங்கி உங்களுக்குப் பேசிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து வேலையைப் பார்த்தேன். மாஸ்டர் பார்த்துப்பாருன்னு அவ்வளவு நம்பிக்கை.

நெட்டைதான்னு மூணு வருஷமா நினைச்சுட்டிருக்கா. நானும் நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். என்னையும் வெறுத்துட்டா வேற எங்கதான் போவா, சொல்லுங்க.

அதோ, மையத்து வேன் வந்துடுச்சு. அவதான் இறங்கறா. இல்ல மாஸ்டர், நீங்க போயிடாதீங்க, இங்கயே இருங்க. அவகிட்ட இதைத் தனியா சொல்ல எனக்கு வராது. அன்னிக்கும் வரல.