சங்கில் புகட்டிய பால்

ஏலக்காய் வியாபாரி வீட்டு டீ மணக்கும் என்று போடிக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். மணக்காது, இன்ஸ்பெக்டர். நல்ல பச்சைக் காய் ஏலத்துக்குப் போய்விடும். எங்களுக்கு வாய் பிளந்த காய்தான்.

என் அத்தா முகைதீன் பிச்சைக்கு ஊர் மெச்ச வேண்டும். போடிமெட்டுப் பாதையில் ஜீப்பு உருண்டு அவருடைய டிரைவரும் அவன் பெண்டாட்டியும் செத்தபோது, அவர்களுடைய கைக்குழந்தை முஸ்கானைத் தூக்கிவந்து அம்மா மடியில் போட்டார். ஊரும் மெச்சியது. அவள் மூக்கைத் துடைத்து வளர்த்தது நான். அதை யாரும் மெச்சவில்லை.

அப்போது என் தம்பி ஃபஹீமும் பால்குடிப் பிள்ளை. ஆனால் காய்ச்சலில் படுத்து அம்மாவுக்குப் பால் வற்றியிருந்தது. மாமியாருக்குத் தெரிந்தால் இளக்காரம் என்று, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பிள்ளைகளுக்கும் ஆட்டுப்பாலைச் சங்கில் புகட்டுவாள். கதவுக்குக் காவல் நான். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது.

போன வருசம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பியிருந்த என் இடுப்புக்குச் சாவிக்கொத்து வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஃபஹீம், முஸ்கானைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். என் பழைய பாவாடையைக் கட்டி வளர்ந்தவள் எனக்குச் சோறு அளந்து போடுவாளாம்.

நிக்காஹ் பேச வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத், ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்பு, கட்டக் கூடாது என்றார். முஸ்கானுக்கு அம்மா பால் கொடுத்தாளா என்று என்னிடம் கேட்டார்.

"குடுத்தாக ஹஜ்ரத். நாந்தேன் கண்ணால பாத்தேன்."

அம்மா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். வாதத்தில் அப்படித்தான் ஆடுகிறது என்றேன். பெரிய மனிதர்கள் தாடியைத் தடவிக்கொண்டு, சந்தேகம் வந்தபின் வேண்டாம் என்று எழுந்துபோனார்கள். ஒருவராவது அவள் கண்ணைப் பார்த்திருக்கலாம்.

முஸ்கான் மட்டும் அம்மாவை விடவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பழக்கினாள். ஒருநாள் அம்மா, "சங்கு" என்றாள்.

"எந்தச் சங்கும்மா? மெதுவாச் சொல்லுங்க, சோலி ஒண்ணுமில்ல எனக்கு" என்று இவள் சிரித்தாள். மக்கு.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குப் பதிலாகச் சத்து மாத்திரை கொடுத்தேன். வேளை தவறவில்லை, குடிக்க வெந்நீர்தான் கொடுத்தேன். இரண்டாம் தடவை வாதம் வந்தது, போய்விட்டாள்.

பிரிக்காத மாத்திரை அட்டைகளை உங்களிடம் கொண்டுவந்தது ஃபஹீம் என்கிறீர்கள். முஸ்கான் தூண்டியிருப்பாள், அவனுக்கு அவ்வளவு புத்தி ஏது. ஆமாம், அம்மாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் ஃபஹீமுக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில் உலை வைக்க ஆளில்லை. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.