நஜீஸ் கேஸ்

"கக்கூஸ் கழிவுல வாற கேஸ்ல சோறாக்கினா அது நஜீஸ், அசுத்தம், மார்க்கத்துல ஆகாது. அதான் ஊரே சேர்ந்து அந்தக் கழிவுத் திட்டத்த மறிச்சம்."

கல்முனை ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். அவர் தோளில் வயிற்றோட்டத்தில் வாடிப்போன மகள்.

அவரோடு வந்த மச்சினன் விடவில்லை. "கேஸ் வேணாமெண்டா விடுங்க மச்சான். கழிவுத் தண்ணிய சவ்வால வடிச்சி சுத்தமாக்கத்தானே வந்தாங்க. அதையும் ஏன் மறிச்சீங்க?"

"வடிச்சாலும் அது அந்தத் தண்ணிதானே."

"உங்கட கக்கூஸ் குழிக்கும் கிணத்துக்கும் நடுவுல என்ன கிடக்கு?"

"மணல்."

"அந்த மணல் வடிச்சுத் தாறதத்தான் குடிக்கிறீங்க. தொழுகைக்கு ஒளுவும் எடுக்கிறீங்க. அது நஜீஸ் இல்லையா?"

"ஆஸ்பத்திரியில வந்து கதைக்கிற கதையா இது?"

மகள் முனகினாள். "வாப்பா, தண்ணி."

வீட்டுக் கிணற்றில் நிரப்பிக் கொண்டுவந்த போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். மச்சினன் அதைப் பறித்து வடிகானில் ஊற்றிவிட்டு, தண்ணீர் வாங்கக் கடைக்கு நடந்தார்.