மாதா கோவில் வயரை நான் எடுத்த விவரம்

என் பெயர் பைலி. தகப்பனார் பெயர் ஔசேப்பு. வயது எழுபத்தெட்டு. கோட்டயம் மாவட்டம் கல்லேப்பாறையில் மாதா கோவிலுக்கு அடுத்த வீட்டில் மகன் சாஜு, மருமகள் ஜான்சி ஆகியோருடன் வசிக்கிறேன். ரப்பர் பால் வெட்டிப் பிழைத்தவன். எழுதப் படிக்கத் தெரியாது.

என் அக்காள் அன்னம்மா கன்னியாஸ்திரீயாகி ஐம்பத்தொன்பது வருடம் ஜார்க்கண்டில் ஒரு மடத்தில் இருந்தாள். சென்ற செவ்வாய்க்கிழமை காலமானாள். வியாழன் பகல் மூன்று மணிக்கு அடக்கம், நேரலையில் காட்டுவோம் என்று மடத்தில் சொன்னார்கள். எங்கள் வழக்கப்படி முகத்தைத் துணியால் மூடுமுன் உறவினர் கடைசி முத்தம் கொடுக்க வேண்டும். போக முடியாத நான் அந்த நேரத்தில் முகத்தையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தேன். என் கண்ணில் புரை உள்ளதால் போனில் முகம் பயறு அளவுதான் தெரியும். ஆகவே டிவியில்தான் பார்த்தாக வேண்டும்.

இணையப் பெட்டி மாடியில் சாஜுவின் அறையில் உள்ளது. டிவி கீழே உள்ளது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையே நின்று நின்றுதான் வரும். எனவே புதன் காலை நான் வயர் இழுக்கச் சொன்னேன். சாஜு, "இந்தக் காலத்துல யாரு அப்பச்சா வயர் இழுக்கறா? பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல, சுவரத் துளைக்கணுமா? வைஃபையே போதும்" என்றான். ஜன்னல் வழியாக இறக்கலாமே என்றேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு வியாழன் பகல் துக்கம் கேட்க முப்பது பேர் போல வந்தனர். வந்தவர்களுக்குக் குறை வைக்கக்கூடாது என்று, பால் சேர்க்காத கட்டன் காப்பி கொடுத்ததோடு, வைஃபை பாஸ்வேர்டையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டும்படி ஜான்சியிடம் நானே சொன்னேன். எல்லோரும் தத்தம் போனில் அதே அடக்கத்தைப் போட்டுக்கொண்டனர். அது தவறு என்று எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு மூன்று இருபதுக்கு முத்தம் கொடுக்கக் கன்னியாஸ்திரீகள் வரிசையில் நின்றனர். அப்போது படம் நின்றது. ஒரு கன்னியாஸ்திரீயின் முதுகும் அதன்மேல் சுற்றுகிற வட்டமும் மட்டுமே தெரிந்தன. ஜான்சி, "எல்லாரும் கொஞ்சம் போனை அணைங்க, அப்பச்சனுக்கு டிவி வரட்டும்" என்றாள். என் மைத்துனன் வர்க்கி, "நான் ஒருத்தன் அணைச்சா வந்துடுமா மோளே? மொதல்ல அந்த மத்தாயிய அணைக்கச் சொல்லு" என்றான். துக்கம் கேட்க வந்திருந்த மத்தாயி, "என்னுது ஏற்கெனவே நின்னுபோச்சு, அத வேற அணைக்கணுமா?" என்றான். ஒருவரும் அணைக்கவில்லை.

அதன் பிறகு நான் கோவிலுக்கு நடந்து போனேன். கதவு திறந்திருந்தது. கேட்க ஆள் இல்லை. பூசையை நேரலையில் காட்டும் கேமராவுக்கு மாட்டியிருந்த நீள இணைய வயரைப் பிடுங்கித் தோளில் போட்டு வந்தேன். ஜான்சி மாடி ஜன்னல் வழியாக இறக்கி மாட்டினாள். படம் உடனே வந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. அக்காள் முகத்தின் மேல் துணி போட்டிருந்தது. துணி ஓரத்துத் தையல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

சாஜு, "ரெக்கார்டு இருக்கும் அப்பச்சா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். வயரைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று நாலு மணிக்குக் கோவிலில் கல்யாணம் என்பதும், பெண்ணின் தகப்பன் குவைத்தில் இருந்தபடி மகள் கழுத்தில் தாலி ஏறுவதை நேரலையில் பார்க்க முடியாமல் போனதும், கோவில் பொறுப்பாளர் குஞ்ஞேப்பு வீட்டுக்கு வந்து சத்தம் போட்ட பிறகே தெரியும். குஞ்ஞேப்பு என்னைத் திருடன் என்றதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்தத் தகப்பனிடம் நானே பேச, அவர் போன் எண் கிடைத்தால் எனக்குத் தர வேண்டும்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே உள்ளது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பைலி, இடது பெருவிரல் ரேகை