நனையாத கேமரா

இரவு பதினொன்றரை. வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில், கண்மாயை ஒட்டி வரும் சாலை. கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஒரு பைக். இரண்டு பேர். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது... எவ்வளவு ஆழம் என்று ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரியவில்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வர இன்னும் நேரமாகும். இந்த மழையில் மண்டபத்தை விட்டு யாரும் எங்கேயும் போகப் போவதில்லை. விடிந்தால்தான் முகூர்த்தம். கேமராக்களை மட்டும் சாரல் படாமல் சுவரோரம் தள்ளி வையுங்கள்.

நம்மோடு லைட் பிடிக்கும் ராபர்ட் இன்றைக்கு வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன். இது அவன் தங்கை வின்சி வீட்டில் நடந்தது.

பைக் ஓட்டியவன் வின்சியின் கணவன் செல்வின். பின்னால் கேமராப் பையோடு பாண்டிதுரை. இருவரும் சேர்ந்து ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம். அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்பை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தின் நடுவில் பைக் சரிந்தது.

பாண்டிதுரை கரையேறினான். செல்வினை மறுநாள் மதியம் கோரைப்புல்லுக்குள் கண்டெடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த அன்று பாண்டிதுரை வின்சியின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதான்.

"கழுத்து மட்டும் தண்ணி, தங்கச்சி. பாலத்துக் கல்லுல முதுகக் குடுத்து நின்னு, ரெண்டு கையாலயும் அவன் கையப் பிடிச்சேன். கடைசி வரைக்கும் விடல. தண்ணிதான் உருவிட்டுப் போயிருச்சு."

வின்சி அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். அவர் தனியாகப் போகவில்லை... கடைசியில் ஒரு கை இருந்தது. ராபர்ட்டிடம், சர்ச்சில் விசாரித்தவர்களிடம், எல்லோரிடமும் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் பாண்டிதுரை வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி போகும். அன்றைக்குப் பையில் இருந்த செல்வினின் கேமராவையும் அவனுக்கே கொடுத்துவிட்டாள். "அவிய இருந்தாலும் ஒங்களுக்குத்தான் குடுப்பாவ" என்றாள்.

கேமராவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. லென்ஸுக்குள் லேசாக மூட்டம், அவ்வளவுதான். நம் ஆட்கள் எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கேமராவாவது பிழைத்ததே என்றார்கள். எப்படிப் பிழைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறவர்கள்.

நமக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் பாண்டிதுரையும் செய்தான். பேட்டரியைக் கழற்றினான். கார்டை எடுத்தான். கேமராவை அரிசி டிரம்முக்குள் புதைத்தான்.

காலையில் பார்த்தால் அரிசி காய்ந்து கிடக்கிறது. லென்ஸுக்குள் மூட்டம் கூடியிருக்கிறது. துளித் துளியாக... உள்பக்கம். வெயிலில் வைத்தான். புதுச் செருப்பு டப்பாவுக்குள் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், அவற்றை ஊரெல்லாம் கேட்டு வாங்கிவந்து ஒரு டப்பாவில் கேமராவோடு போட்டு மூடினான். மறுநாள் பொட்டலங்கள் ஊறி உப்பியிருந்தன. மூடியைத் திறந்தால் பாசி வாடை. கண்மாய்ச் சேறு, கோரை வேர்... அந்த வாடை.

மறுபடியும் அரிசி. அப்போதுதான் டிரம்முக்குள் சத்தம் கேட்டது. டிர்ர்... டிர்ர்... டிர்ர்... லென்ஸ் ஃபோகஸ் கிடைக்காமல் தேடும்போது வருமே, அதே சத்தம்.

பேட்டரி அலமாரியில் இருந்தது.

"ஏலே, செத்த இரு," என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்கிறார் நம் சமையல் கருத்தையா. "அந்த அரிசிய என்ன செஞ்சான்? கொட்டிட்டானா, ஆக்கித் தின்னுட்டானா?"

உங்கள் கவலை உங்களுக்கு அண்ணாச்சி. ஆக்கினார்கள். பாண்டிதுரையின் மனைவி முனீஸ்வரிக்கு விஷயம் தெரியாது. நன்றாகக் கழுவித்தான் உலையில் போட்டாள். பிள்ளை முதல் வாயிலேயே துப்பிவிட்டது. சோற்றில் பாசி நாற்றம்.

அதற்குப் பிறகு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனான். முழுவதையும் பிரித்துத் துடைத்து, பேட்டரியும் கார்டும் போட்டு, படம் எடுத்துக் காட்டிக் கொடுத்தார்கள். கண்ணாடி போலத் தெளிவான படம். வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். லென்ஸுக்குள் மூட்டம்.

ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. நேராக வின்சி வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் நாலு மணி. நல்ல வெயில். ராபர்ட்டும் அங்கே இருந்தான். வின்சி டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

"இது எங்கிட்ட இருக்க வேண்டாம் தங்கச்சி," என்று பாண்டிதுரை கேமராவைக் கட்டில்மேல் வைத்தான். "அவன் பொருளு. ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"ரிப்பேராண்ணே?"

"ரிப்பேர்லாம் இல்ல. பூராத்தையும் பிரிச்சுப் பாத்துட்டான். ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள போகலங்கான். புதுசு மாதிரி இருக்காம். ஆனா தெனமும் வேர்க்குது."

"வேர்த்தா ஃபேனுக்கு அடியில வைங்க," என்று ராபர்ட் சிரித்தான்.

வின்சி சிரிக்கவில்லை. செல்வின் இதற்கு முன் வைத்திருந்த கேமரா ஒரு கல்யாண வீட்டில் செத்தது. யாரோ கைதவறி ரோஸ்மில்க்கைக் கொட்டிவிட்டார்கள். அரை டம்ளர்கூட இருக்காது. அதோடு சரி. அன்றைக்கு அவன் சாப்பிடாமல் படுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கழுத்து மட்டும் தண்ணின்னியளேண்ணே."

"ஆமா."

"பை எங்க இருந்துச்சு?"

"தோள்ல."

"ரெண்டு கையாலயும் அவியளப் பிடிச்சிருந்திய."

"ஆமா தங்கச்சி. எம்புட்டு தடவ சொல்லிருக்கேன்."

வின்சி கட்டில்மேல் இருந்த கேமராவைப் பார்த்தாள்.

"அப்ப... பையத் தண்ணிக்கு மேல பிடிச்சிருந்தது யாரு?"

பாண்டிதுரை ஆறிப்போன டீயைக் குடித்தான். பிறகு, அது நல்ல பை, எவ்வளவு நனைந்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காது என்றான். அந்தப் பையில் ஜிப் கிடையாது. அறுந்துபோய், வின்சிதான் இரண்டு ஊக்கு மாட்டிக் கொடுத்திருந்தாள்.

அவள் அதைச் சொல்லவில்லை. கேமராவை எடுத்து ஆன் செய்தாள். அவனுக்கு நேராகத் திருப்பினாள்.

ராபர்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லென்ஸில் மூட்டம் விலகியது. தானாகக் காய்ந்தால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல விலகும். இது அப்படி இல்லை. ஒரே இழுப்பு... உள்ளேயிருந்து யாரோ கட்டை விரலால் துடைத்த மாதிரி.

க்ளிக்.

பாண்டிதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மடியில். படத்திலும் அதே நாற்காலி, அதே சட்டை, அதே நாலு மணி வெயில். ஆனால் படத்தில் வலது கை தலைக்கு மேலே நேராகத் தூக்கியிருந்தது, எதையோ நனையாமல் பிடித்திருப்பதுபோல. இடது கை முன்னால் நீண்டிருந்தது. ஐந்து விரலும் விரிந்து. தண்ணீர் உருவிக்கொண்டு போயிருந்தால், பிடித்திருந்தவனின் விரல்கள் மடங்கித்தான் இருக்கும். இவை திறந்திருந்தன.

வின்சி படத்தை ராபர்ட்டிடம் காட்டினாள். பிறகு திரையைப் பாண்டிதுரை பக்கம் திருப்பினாள்.

"ஒரு கையாவது இருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை என்று ராபர்ட் சொன்னான்.

பாண்டிதுரை மடியில் கிடந்த இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டான்... இறுக்கமாக. எதையோ வெளியே விடக்கூடாது என்பதுபோல.

பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கலங்கல் தண்ணீர்.