கனம் குறைந்த ஆம்ப்ளிஃபயர்

நான் அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்கிறவள் இல்லை. எதிர் சீட்டிலேயே உட்கார்ந்து பேசினால் என்ன செய்வது? அம்பத்தூரில் ரயில் ஏறிய புருஷனும் பெண்சாதியும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை ஆளுக்குப் பாதியாக மடியில் வைத்திருந்தார்கள். பின்பக்கம் ஒயர் சொருகுகிற சாக்கெட்டுகள் மட்டும் புதுசாக மின்னின.

“உள்ள இருந்தத உருவிட்டாம்மே, அந்த மெக்கானிக்கு,” என்றார் அவர்.

“சாக்கெட்டு லூசுன்னு நீதான குடுத்த? மாத்திட்டான். பாட்டு வேற போட்டுக் காட்னான்.”

“கனமே இல்லியே. டிரான்ஸ்பார்மர கழட்டிக்கினு வேற எதையோ வச்சிகீறான். என் மொத சம்பளத்துல வாங்கினதும்மே இது. ஆவடில எறங்கித் திரும்பிப் போலாம். அவன ஒரு வழி பண்றேன்.”

“யோவ், குடுக்கப் போம்போது நீ ஒருத்தனா தூக்கிக்கினு போன. இப்போ பாதி என் மடில கீது. கனம் எப்பிடித் தெரியும்?”

அவர் பெட்டியை முழுசாகத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். ஆவடி வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“இப்போ இன்னா சொல்ற?”

“கனமாத்தான் கீது.”

வண்டி கிளம்பியதும் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: “உள்ள கல்லு வச்சிகீறானோ?”