முழங்கால் உயரக் குழாய்

விளக்கைக் குறையுங்கள். பயந்தாங்கொள்ளிகள் நடுவில் வரலாம்... ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

நடுநிசி. நெடுஞ்சாலையில் ஒரு நாய்கூட இல்லை. என் சீட்டாட்டக் கூட்டாளியின் சம்பந்தி, இன்ஜினியர், காரை ஓரங்கட்டி இறங்கினார். பட்டப்பெயர் ரசமட்டம். கட்டிலுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்!

சாலைக்கடியில் ஓடையைக் கடத்த அவர் பதித்த குழாயை விடிந்ததும் உடைக்கப் போகிறார்கள். பாலம் வருகிறது... மீன்களுக்காக. முட்டையிட மேலேறும் மீன்கள், ஓடைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கிய அந்தக் குழாய்வாயில் முட்டி முட்டியே செத்தன.

பதித்தபோது அடியில் பாறை. காண்ட்ராக்டர் அவருடைய தங்கை புருஷன்.

"பாறைய ஒடச்சு எறக்கிடவா, மச்சான்?"

"விடு மாப்ளே. தண்ணி கீழதான எறங்கும், மேலயா ஏறப்போகுது?"

தண்ணீர் ஏறாது, சரி. மீன்?

மாப்பிள்ளை காலமாகி வெகுநாள். அந்த ராத்திரிக்கு முன், மதியம் நடந்த பாலக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "எந்தப் புண்ணியவான்யா இத அந்தரத்துல தொங்கவிட்டது?"

ரசமட்டம் வாய்கூசாமல் சொன்னார்: "எங்க மாப்பிள்ளதான். சொன்னா எங்க கேட்டான்?"

சபையே சிரித்தது. இவரும் சிரித்தார். திரும்பினால்... வரைபடச் சுருளோடு தங்கை. அவளுக்கும் அதே ஆபீஸ்தான், இருப்பதும் அண்ணன் வீட்டில்தான். இரவு தலை நிமிராமல் சாப்பாடு போட்டாள். அந்தச் சோறு இறங்காமல்தான் இவர் இங்கே வந்து நின்றார்.

சளப்...

ஓடையில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் குப்பென்று மீன் கவிச்சி. சளப்... தொப். ஈரமான ஏதோ ஒன்று சிமெண்டில் மோதி விழுந்தது. பிறகு, பாறையில் கடப்பாரை இறங்கும் 'ணங்'. குழாயின் உள்ளிருந்து, பழகிய குரல்...

"எறக்கிடவா, மச்சான்?"

காரை மறந்துவிட்டு வீடுவரை ஓடினார். காற்றுகூட மூச்சிரைத்துப் பின்தங்கிவிட்டதாம்!

பாலம் எழுந்தது. மீன்கள் ஏறின. தங்கையிடம் உண்மையைச் சொல்லத் தினமும் வாயெடுப்பார்... "சாப்பிட்டியாம்மா?" என்று முடித்துவிடுவார்.

மீன் ஏறும் பருவம் வந்தால், காலையில் அவர் வீட்டு வாசற்கதவு வெளிப்பக்கம் நனைந்திருக்கும். முதல் வருஷம் முழங்கால் உயரத்தில் செதில்கள் ஒட்டியிருந்தன. தங்கை துடைத்தாள். போன வருஷம் தொடை உயரம்.

இந்த வருஷம்... கைப்பிடியில்.