இரண்டு வாகியெம்

விசாரணைக்கு வந்தவனுக்கு நீங்கள் கொடுத்த தேநீரில் இனிப்பு அளவாக இருக்கிறது, ஐயா. சோலோ நகரத்தில் வேறெங்கும் இவ்வளவு குறைவாகச் சர்க்கரை போடமாட்டார்கள். ஆனாலும் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை.

எங்கள் மூன்று மருத்துவமனைகளிலும் மூன்று மென்பொருள்கள். ஒன்றில் பதிந்த நோயாளி விவரம் இன்னொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. மூன்று நிறுவனத்தாரும் கூட்டத்துக்குக் கூட்டம் அடித்துக்கொண்டார்கள். நாசி லிவெத் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கிக் கொடுத்தால் சாப்பிடுவார்கள், கையெழுத்து மட்டும் போடமாட்டார்கள்.

கடைசியில் ஒரு வெளிநாட்டு வடிவத்துக்குச் சம்மதிக்க வைத்தேன். அதற்குக் குடும்பப் பெயர் கட்டாயம். ஜாவாக்காரர்கள் எங்களில் பலருக்கு இருப்பதே ஒரு பெயர்தான். அதையே இரண்டு கட்டத்திலும் போடச் சொன்னேன். பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு ஓர் உத்தேச வருடமும் டிசம்பர் முப்பத்தொன்றும் எழுதுவது பழைய வழக்கம். முகவரியை மூவரும் மூன்று விதமாக எழுதியிருந்ததால் ஒப்பிடாமல் விட்டோம். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஒரே ஆள். விவரங்கள் முரண்பட்டால் கடைசியாகப் பதிந்ததே நிற்கும். நல்ல விதிதான்.

சோதனை ஓட்டத்தைப் பார்த்த என் பிரிவுப் பெண் வெனிங் என் மேசைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, ரெண்டு வாகியெம் பாட்டியும் ஒரே ஆளாயிட்டாங்க. ஒருத்தங்களுக்குப் பென்சிலின் ஆகாது. இப்ப அது அழிஞ்சுபோச்சு. இப்படி இன்னும் எத்தனை பேரோ. நிறுத்துங்கண்ணே."

"நாளைக்கு மேலிடத்து ஆளுங்க பார்க்க வர்றாங்க. இப்ப நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து சண்டை."

"சண்டை போட்டா யாரும் சாகமாட்டாங்கண்ணே."

விவரம் தெரிந்த பெண். அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு இணைப்பை ஓடவிட்டேன். வந்தவர்கள் கைகுலுக்கிப் பாராட்டினார்கள்.

அந்தப் பென்சிலின் ஆகாத வாகியெம் காலில் புண்ணோடு வந்தபோது நான் அங்கே இல்லை. "அம்மாவுக்கு அந்த ஊசி ஆகாதுன்னு சொன்னேன், கம்ப்யூட்டர்ல அப்படி எதுவும் இல்லையேன்னு போட்டுட்டாங்க" என்று அவர் மகள் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பாவம், பாட்டி பிழைக்கவில்லை. ஆனால் ஊசி போட்டது நானில்லையே.

அதன்பிறகு தொலைபேசி அடித்தால் நான் எடுப்பதில்லை. இணைப்பு இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஐயா. யார் யாரோடு சேர்ந்து கிடக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது.

இப்படி ஆகும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். சத்தியமாகத் தெரியாது. வெனிங் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறாள் என்றுதான் மனதார நம்பினேன். என் அம்மாவுக்கும் ஒற்றைப் பெயர்தான், அதே டிசம்பர் முப்பத்தொன்றுதான். இணைப்பை ஓடவிடுவதற்கு முன்னால் அவருடைய பதிவை மட்டும் எடுத்து, எதனோடும் சேராதபடி பூட்டி வைத்தேன். பெற்ற தாய்க்கு ஒரு மகன் அதுகூடச் செய்யக்கூடாதா?